கண்மட்டு: கைமாறிய சமையல்களின் கதை

யாழ்ப்பாணத்துக் குசினிகளில் அளவு கேட்டால் கிடைக்கிற மறுமொழி அநேகமாக ஒன்றுதான். "அது கண்மட்டுக்குப் போடுறது." உப்பு எவ்வளவு? கண்மட்டு. புளி? கைமட்டு. எவ்வளவு நேரம் அவிக்க வேணும்? வாசம் வரேக்க இறக்கு. எங்களில் சிலர் அம்மம்மாமாரிடமும் அம்மாமாரிடமும் பிடித்தமான சாப்பாடுகளின் செய்முறையைக் கேட்டு எழுதி ஒருவருக்கொருவர் பகிரத் தொடங்கியபோது முதலில் முட்டுப்பட்டது இந்தக் கண்மட்டில்தான். எழுதத் தொடங்கிய பிறகுதான் இன்னொன்றும் விளங்கியது. செய்முறை கேட்கப் போனால் அவர்கள் சொல்வது செய்முறையை மட்டுமல்ல. "அந்த நேரம் சீனி இல்லை", "அப்ப மீன் வராது", "அது அவையளிட்டப் பழகினது" என்று ஒவ்வொரு கறிக்குப் பின்னாலும் ஒரு காலம் நிற்கிறது. இந்தக் கட்டுரை அந்தப் பின்பக்கத்தைப் பற்றியது.

அளவே இல்லை என்றும் சொல்ல முடியாது. சுண்டு, கொத்து, சிறங்கை, நுள்ளு என்று எங்களுக்கென்று அளவைகள் இருந்தன. நாலு சுண்டு ஒரு கொத்து. ரின்பால் வந்த பிறகு வெறும் பால்பேணியே சுண்டு ஆகிவிட்டது. இன்றைக்கும் பல வீடுகளில் அரிசி வாளிக்குள் கிடப்பது அந்தப் பேணிதான். வெள்ளைக்கார வியாபாரத்தில் வந்து சேர்ந்த ஒரு தகரம் எங்கட சோற்றுக்கு அளவுகோலானது வேடிக்கைதான்.

ஆனால் எங்கட குசினிக்கு இது புதிதல்ல. "குசினி" என்ற சொல்லே போர்த்துக்கேயச் சொல். பாண், தாச்சி, கோப்பை எல்லாம் அப்படித்தான். 1619-இல் யாழ்ப்பாண இராச்சியம் போர்த்துக்கேயரிடம் விழுந்தது. 1658-இல் ஒல்லாந்தர் வந்தார்கள். போர்த்துக்கேயர் நாற்பது வருடம் ஆண்டுவிட்டுப் போனார்கள், சொற்கள் நானூறு வருடமாகியும் போகவில்லை. அவர்களின் கப்பல்கள் வழியாக அமெரிக்கக் கண்டத்திலிருந்து இந்தப் பக்கம் வந்ததுதான் மிளகாயும். அதற்கு முதல் காரம் என்றால் மிளகு. புதிதாக வந்த காய்க்கு மிளகை வைத்தே பெயரும் வைத்தார்கள். செத்தல் மிளகாய் இல்லாத யாழ்ப்பாணத்துத் தூளை இன்று யாரும் கற்பனை செய்யமாட்டார்கள். வறுத்த செத்தல், மல்லி, பெருஞ்சீரகம், சின்னச்சீரகம், மிளகு, வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை என்று போகிற அந்தப் பட்டியலில் தலைவராக இருப்பவர் ஒரு வந்தேறி. "அசல் யாழ்ப்பாணச் சமையல்" என்று யாராவது நெஞ்சை நிமிர்த்தினால் இதைக் கொஞ்சம் ஞாபகப்படுத்தலாம்.

எங்கட பகிர்தலில் ஆகக் கூடுதலாக வந்தது ஒடியல் கூழ். எல்லாரிடமும் ஒரு கூழ் இருந்தது, ஒன்றும் மற்றதைப்போல இல்லை. பொதுவாக வந்ததைச் சொல்கிறோம். பனங்கிழங்கைப் பச்சையாகக் கிழித்துக் காயவிட்டால் ஒடியல். அவித்துக் காயவிட்டால் புழுக்கொடியல், அது சப்பித் தின்ன. கூழுக்கு ஒடியலை இடித்து மாவாக்க வேணும். அந்த மாவை அப்படியே போடக்கூடாது. தண்ணீரில் ஊறவிட்டு, மா அடியில் அடைந்த பிறகு மேல் தண்ணீரை வார்த்து ஊற்றி, திரும்பவும் ஊறவிட வேணும். கயர்ப்பு போக அதுதான் வழி. பானையில் தண்ணீர் கொதிக்கையில் கொஞ்ச அரிசி, பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளிக்கிழங்கு, முருங்கை இலை எல்லாம் போய், பிறகு மீன், நண்டு, இறால், கணவாய் என்று அன்றைக்குக் கரையில் கிடைத்தது எதுவோ அது போகும். மீன் தலை கட்டாயம் என்று எங்களில் ஒரு கட்சி இருக்கிறது. கடைசியில் பழப்புளியில் கரைத்த ஒடியல் மாவும் அரைத்த செத்தலும். இறக்கிப் பிளாவில் அல்லது சிரட்டையில் ஊற்றி, வியர்க்க வியர்க்கக் குடிப்பது.

இந்தக் கூழை நல்லாய்ப் பாருங்கோ. பனை ஏறுகிறவர், கிழங்கு தோண்டுகிறவர், ஒடியல் கிழிக்கிறவர், கடலுக்குப் போகிறவர் ஆகியோரின் உழைப்பு முழுவதும் ஒரே பானைக்குள் இருக்கிறது. நெல் விளையாத மணலிலும், அரிசி வாங்கக் காசில்லாத வீட்டிலும் வயிறு நிரம்ப வழி கண்டவர்களின் சாப்பாடு அது. விருந்தினருக்குப் பெருமையாய்ப் பரிமாறுகிற "பாரம்பரிய உணவு" ஆனது பின்னால்தான். மாவை ஏன் இத்தனை தரம் ஊறவிட வேணும் என்று கண்டுபிடித்தவர்களின் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஆனால் அந்த அறிவு இல்லாமல் கூழே இல்லை.

கூழில் இன்னொரு வகை இனிப்புக் கூழ், ஆடிக்கூழ். அதன் செய்முறையை எங்களில் அனேகம் பேர் குசினியில் அல்ல, வகுப்பில்தான் படித்தோம். நவாலியூர் சோமசுந்தரப் புலவர் (1878–1953) சிறுவர்களுக்கு எழுதிய ஆடிப்பிறப்புப் பாட்டு விடுமுறைச் சந்தோசத்தில் தொடங்கினாலும், நடுவில் கொழுக்கட்டைக்கும் கூழுக்கும் என்ன என்ன சேர்க்க வேணும், எப்படிச் செய்ய வேணும், எந்த இலையில் குடிக்க வேணும் என்று முழுதாகச் சொல்லிவிட்டுப் போகிறது. அளவுகள் மட்டும் இல்லை. அவரும் கண்மட்டுக் கட்சிதான்! ஈழத்தில் ஆகக் கூடுதலான பேருக்கு மனப்பாடமான சமையற்குறிப்பு எது என்று கேட்டால் நாங்கள் தயங்காமல் அந்தப் பாட்டைச் சொல்வோம்.

எழுத்துக்கு வராத காலத்தில் செய்முறைகள் எப்படிக் கைமாறின? வேலிக்கு மேலால். கறி கொஞ்சம் பக்கத்து வீட்டுக்குப் போகும், "என்ன போட்டனீங்கள்?" என்ற கேள்வி திரும்பி வரும். சட்டியை வெறுமையாய்த் திருப்பிக் குடுக்கக் கூடாது என்ற வழக்கமும் இருந்தது. ஒரு முருங்கைக்காய், நாலு தேசிக்காய், ஒன்றும் இல்லாவிட்டால் கொஞ்சம் சீனியாவது போட்டுத்தான் குடுப்பது. பிள்ளை பெற்ற வீட்டுக்குச் சரக்கு அரைக்கப் போன பெரியம்மாமார், கலியாண வீட்டுக்குப் பலகாரம் சுடப் போன மாமிமார், செத்த வீட்டுக்குக் கறி காய்ச்சிக் கொண்டுபோன அயலட்டைப் பெண்கள் எல்லாரும்தான் எங்கட சமையல் நூலகம்.

ஆனால் இதை அழகான கதையாக மட்டும் சொல்லிவிட்டுப் போக எங்களுக்கு மனமில்லை. வேலி என்பது கறி போகிற வழி மட்டுமல்ல. யாருடைய சட்டி யாருடைய வேலியைத் தாண்டலாம் என்பதற்குச் சாதி என்ற கணக்கு இருந்தது. பனையில் ஏறி இறக்கின கருப்பநீரும், அதில் காய்ச்சின பனங்கட்டியும் எல்லா வீட்டுக்குள்ளும் போகும். இறக்கினவர் முற்றத்தோடு நிற்பார். தேநீர்க் கடைகளில் ஒடுக்கப்பட்ட சமூகத்தவர்களுக்குத் தேத்தண்ணி சிரட்டையிலும் போத்தலிலும் குடுபட்டது. 1957-இலேயே சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் 1960-களின் பிற்பகுதியில் சங்கானை, சாவகச்சேரி போன்ற இடங்களில் ஒரு கடைக்குள் போய்க் கதிரையில் இருந்து கோப்பையில் தேத்தண்ணி குடிக்கப் போராட வேண்டி இருந்தது. அதில் அடிபட்டவர்களும் உண்டு, உயிர் விட்டவர்களும் உண்டு. 1967-இல் உருவான தீண்டாமை ஒழிப்பு வெகுசன இயக்கத்தின் வரலாற்றைப் படிக்கிறபோது, ஒரு கோப்பைத் தேத்தண்ணி எவ்வளவு பெரிய அரசியல் என்று விளங்கும். சேர்ந்து சாப்பிடாத சமூகத்தில் செய்முறை மட்டும் சுதந்திரமாய்ச் சுற்றித் திரிந்தது. இன்றைக்கு "எங்கட ஊர்ச் சாப்பாடு" என்று படம் போடுகிறபோது அந்த "எங்கட" என்பதற்குள் ஆர் இருந்தார்கள், ஆர் வாசலில் நின்றார்கள் என்பதையும் கேட்கத்தான் வேணும்.

கிழக்கில் தமிழரும் முஸ்லிம்களும் எப்படி வாழ்ந்தார்கள் என்று சொல்ல ஒரு சொலவடை உண்டு: பிட்டும் தேங்காய்ப்பூவும் போல. இரண்டு சமூகத்தின் உறவை ஒரு நீத்துப்பெட்டிக்குள் அடுக்கிக் காட்டிய அந்த உவமையைச் சொன்னவர் நிச்சயம் பிட்டு அவிக்கத் தெரிந்தவராகத்தான் இருந்திருப்பார். மா ஒரு அடுக்கு, பூ ஒரு அடுக்கு. ஒன்றாய்க் குழைத்தாலும் பிட்டு இல்லை, தனித்தனியாய் வைத்தாலும் பிட்டு இல்லை.

பஞ்ச காலங்களைப் பற்றி வீட்டில் கேட்டால் முதலில் வருவது 1970-களின் "பாண் கியூ". 1970 முதல் 1977 வரை சிறிமாவோ பண்டாரநாயக்க தலைமையிலான அரசு இறக்குமதியை இறுக்கிப் பிடித்தது. பருப்பு அருமைப்பட்டது. அரிசியை ஒரு மாவட்டத்திலிருந்து இன்னொரு மாவட்டத்துக்குக் கொண்டுபோகவே கட்டுப்பாடு. மரவள்ளியும் வத்தாளையும் காலைச் சாப்பாடு ஆயின. ஆனால் யாழ்ப்பாணக் குடாநாட்டுத் தோட்டக்காரருக்கு அதே காலம் பொற்காலம். வெளியிலிருந்து மிளகாயும் வெங்காயமும் வராததால் அவர்களின் செத்தலுக்கும் சின்ன வெங்காயத்துக்கும் நல்ல விலை. மிளகாய்க் காசில் கட்டின கல்வீடுகள் இன்றும் வலிகாமத்தில் நிற்கின்றன. 1977-க்குப் பிறகு திறந்த பொருளாதாரம் வந்து இறக்குமதி குவிய, அந்தக் காலம் முடிந்தது.

இந்தக் கதையை யாழ்ப்பாணத்தோடு நிறுத்துவதுதான் வழக்கம். அதே கொள்கையின் மறுபக்கம் மலையகத்தில் இருந்தது. தோட்டங்களில் தங்களுக்கென்று காணியில்லை, பயிரிட இடமில்லை, பங்கீட்டில் வருகிற அரிசியும் மாவும்தான் உயிர். அது குறைந்தபோது 1973, 1974-இல் பட்டினிச் சாவுகள் நடந்தன. தப்ப வழி தேடி வன்னிப் பக்கம் வந்தவர்கள் பலர். கோதுமை மாவில் தட்டின றொட்டியும் இடித்த சம்பலும் இன்று கடைகளில் ருசியான சிற்றுண்டி. வெள்ளென எழும்பிக் கொழுந்துக்குப் போகிற பெண்ணுக்கு விரைவாய்ச் செய்யக்கூடியதும், கையில் கட்டிக் கொண்டுபோகக் கூடியதும், கிடைக்கிற ஒரே மாவில் செய்யக்கூடியதும் அதுதான் என்பதால் வந்த சாப்பாடு அது. ஒரு நாட்டின் ஒரே சட்டம் ஒரு குசினியில் காசாகவும் இன்னொரு குசினியில் வெறும் பானையாகவும் விளைந்தது. எங்கட சமையல் வரலாறு எழுதுகிறவர்கள் முதலாவதை மட்டும் ஞாபகம் வைத்திருப்பது எங்களுக்குச் சரியாய்ப் படவில்லை.

1990 ஆனியில் சண்டை திரும்பத் தொடங்கியதோடு வடக்குக்குப் பொருளாதாரத் தடை. மின்சாரம் நின்றது. எரிபொருள், பற்றரி, உரம், சீமெந்து, சவர்க்காரம் எல்லாம் தடைப்பட்டோ எட்டாத விலையிலோ இருந்தன. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சப் பஞ்சும் சில துளி மண்ணெண்ணெயும் விட்டு எரித்த விளக்கைப் பற்றி எங்கட தலைமுறைக்குக் கதை கதையாய்ச் சொல்லியிருக்கிறார்கள். பனம்பழத்தில் உடுப்புத் தோய்த்ததையும் சொல்லியிருக்கிறார்கள். குசினிப் பக்கத்துக் கதைதான் குறைவாய் வந்திருக்கிறது. சீனியில்லாத தேத்தண்ணியைப் பனங்கட்டித் துண்டொன்றைக் கடித்துக்கொண்டு குடித்தார்கள். ஒடியல் மாப் பிட்டும் குரக்கன் பிட்டும் திரும்ப வந்தன. முந்தின தலைமுறை விட்டுப்போட்டிருந்த செய்முறைகளைக் கேட்டு இளம் பெண்கள் கிழவிமாரிடம் போனார்கள். "உந்தக் காலத்திலதான் அம்மம்மா சொல்லுறதை வீட்டில ஆக்கள் காது குடுத்துக் கேட்டவை" என்று எங்களிடம் ஒரு அன்ரி சிரித்துக்கொண்டு சொன்னார்.

கடலில் தொழிலுக்கும் தடை வந்தது. கரையோரத்து வீடுகளில் மீன் இல்லாத கூழ் காய்ச்சினார்கள். மீனுக்குப் பதில் பலாக்கொட்டையைக் கூட்டிப் போட்டார்கள், பயற்றங்காயைக் கூட்டிப் போட்டார்கள். இன்றைக்குச் "சைவக் கூழ்" என்று ஒரு செய்முறை யாராவது தந்தால், அது விரதத்துக்காக வந்ததா தடைக்காலத்தில் வந்ததா என்று ஒருக்கா விசாரித்துப் பாருங்கோ.

அதே 1990-இல் ஐப்பசி முடிகிற நேரம், வடக்கு முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரில் அது நடந்தது ஒக்ரோபர் 30. சில மணி நேர அவகாசம்தான். வடமாகாணம் முழுவதிலும் இருந்து 70,000-க்கும் மேற்பட்டவர்கள், பெரும்பாலும் புத்தளம் பக்கம், அகதிகளாய்ப் போனார்கள். சோனகத் தெருவில் அடுப்புகள் அணைந்தன. பெருநாளுக்கு வேலி தாண்டி வந்த வட்டிலப்பமும், நோன்பு காலத்துக் கஞ்சியும், பொங்கலுக்குப் போன புக்கையும் அத்தோடு நின்றன. அந்தக் கஞ்சியின் பக்குவம் தெரிந்த தமிழ் வீடுகள் யாழ்ப்பாணத்தில் இன்றும் இருக்கின்றன. யாரிடம் பழகினது என்று கேட்டால் ஒரு பெயர் சொல்லுவார்கள். இப்ப அவர் எங்கே என்று கேட்டால் அநேகமாக மறுமொழி இல்லை. பிட்டையும் தேங்காய்ப்பூவையும் பற்றிப் பேசுகிற நாங்கள் இந்த இடத்தில் நின்று கொஞ்சம் மூச்சு வாங்க வேணும். தமிழர் செய்த அநியாயத்தைத் தமிழில் எழுதாமல் தமிழரின் சமையலை மட்டும் எழுதுவது நேர்மையாகாது.

சரியாக ஐந்து வருடம் கழித்து, 1995 ஒக்ரோபர் 30-இல், வலிகாமம் ஒரே இரவில் வெறுமையானது. இலட்சக்கணக்கான சனம் மழைக்குள் தென்மராட்சிக்கு நடந்தது. தலையில் வைத்துக்கொண்டு போனவற்றில் அரிசிச் சாக்கும் பானையும் இருந்தன. அம்மியும் உரலும் தூக்கிக்கொண்டு போகிற சாமான்களா? ஒரு வீட்டுக் கிணற்றடியில் நாலு ஐந்து குடும்பங்கள் ஒன்றாய்ச் சமைத்தன. வடமராட்சிக்காரியின் தூளும் தீவுக்காரியின் கறிப்பதமும் வலிகாமத்துக்காரியின் கைக்குள் வந்தது அந்தப் பொது அடுப்புகளில்தான். இப்ப உங்கட வீட்டில் "எங்கட முறை" என்று சமைக்கிற கறிகளில் எது சாவகச்சேரியில் பழகினது என்று கேட்டுப் பாருங்கோ. எங்களுக்குக் கிடைத்த பட்டியல் எதிர்பார்த்ததைவிட நீளமாய் இருந்தது.

வெளியில் போனவர்களின் கதை வேறு. 1983-க்குப் பிறகு ஐரோப்பாவுக்கும் கனடாவுக்கும் முதலில் போனவர்களில் பெரும்பகுதி இளம் ஆண்கள். ஊரில் குசினிக்குள் தண்ணி எடுக்கக்கூடப் போகாதவர்கள். ஒரே அறையில் ஆறேழு பேராய்த் தங்கி இருந்தவர்களுக்குத் திடீரெனப் பருப்பு வைப்பது எப்படி என்று தெரிய வேண்டி வந்தது. வான்கடிதங்களில் நலம் விசாரிப்புக்குக் கீழே, ஓரமாய், செய்முறை எழுதி அனுப்பினார்கள் தாய்மார். கண்மட்டு என்று எழுதினால் பரிஸில் இருக்கிற மகனுக்கு விளங்காது. அதனால்தான் பல அம்மாமார் வாழ்க்கையில் முதல்தரம் உப்பைக் கரண்டியால் அளந்தார்கள். சமையலை எழுத்தாக்கியது பெரிய எழுத்தாளர்கள் இல்லை, பிரிவுதான். பின்னால் யாராவது கொழும்பு வழியாகப் பயணம் போனால் அவர் பெட்டிக்குள் கட்டாயம் ஒரு பொதி தூள் இருக்கும். பொலித்தீன் மூன்று சுற்றுச் சுற்றினாலும் விமான நிலையத்தில் மணம் காட்டிக்கொடுத்துவிடும்.

அச்சுக்கு வந்த கதை பிந்தினது. இலங்கையில் பெயர்பெற்ற "சிலோன் டெய்லி நியூஸ்" சமையல் புத்தகம் 1929-இல் வந்தது, ஆங்கிலத்தில். அதை வாசித்தவர்கள் சமையல்காரரை வைத்திருக்கிற வீட்டுப் பெண்கள். யாழ்ப்பாணத் தமிழரின் சமையலுக்கென்று நேசா எலியேசர் தொகுத்த புத்தகம் 2003-இல் வந்தபோது அதுவும் ஆங்கிலத்தில்தான், புலம்பெயர்ந்த பிள்ளைகளை மனதில் வைத்து. தமிழில் எங்கட உண்மையான சமையல் புத்தகங்கள் மனையியல் பாடக் கொப்பிகளும், சீ.ஆர். கொப்பியின் பின்பக்கங்களும்தான். எண்ணெய்க் கறை பட்டு, கேக் செய்முறைக்குப் பக்கத்தில் சீட்டுக் கணக்கும் பால்காரனின் கணக்கும் எழுதப்பட்டு, இடம்பெயர்வுகளில் பாதி தொலைந்துபோன கொப்பிகள். மலையகத்து லயன்களிலும், மன்னார்க் கரையிலும், புத்தளத்து முகாம்களிலும் இருந்த கொப்பிகளை யாரும் தேடக்கூட இல்லை.

கடைசியாய் ஒரு செய்முறை. இதற்கு வேண்டியவை மூன்றே மூன்று: அரிசி, தண்ணீர், உப்பு. 2009-இன் முதல் மாதங்களில் முல்லைத்தீவுக் கரையோரம் ஒரு சிறு நிலத்துண்டுக்குள் அடைபட்டிருந்த சனத்தைத் தாங்கியது அந்தக் கஞ்சிதான். கஞ்சி வரிசையில் நிற்கையில் ஷெல் விழுந்து இறந்தவர்களைப் பற்றிய சாட்சியங்கள் பல உண்டு. இப்போது ஒவ்வொரு மே மாதமும் ஊருக்கு ஊர், சந்திக்குச் சந்தி, கோயில் வாசலிலும் பல்கலைக்கழக வாசலிலும் அது காய்ச்சப்படுகிறது, போகிறவர் வருகிறவர் எல்லாருக்கும் குடுக்கப்படுகிறது. 2024 மே மாதம் திருகோணமலை மாவட்டத்தின் சம்பூரில் அப்படிக் கஞ்சி குடுத்ததற்காக மூன்று பெண்கள் உட்பட நாலு பேர் கைதானார்கள். இவ்வளவு எளிய ஒரு சாப்பாட்டைப் பகிர்ந்ததற்கு மறியல் என்பது உலகத்தில் வேறெங்கும் நடந்திருக்குமோ தெரியாது.

அதில் தேங்காய்ப்பால் விடலாமா என்று ஒவ்வொரு வருடமும் எங்களுக்குள் பேச்சு வரும். பால் விட்டால் பிள்ளைகள் விருப்பமாய்க் குடிப்பார்கள் என்பது ஒரு பக்கம். அந்த நாட்களில் அங்கே இருந்து வந்த, எங்களில் ஒருத்தியின் அம்மா, விட விடமாட்டா.

"அப்ப பால் இருக்கேல்ல" எண்டு சொல்லுவா.